அம்மாவின் ஒற்றைத் தலைவலி

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் நம் தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் ஏழெட்டுப் பேர் ஒரே மேசையில் உட்கார நேர்ந்தது. எல்லாருக்கும் எழுபத்தைந்து தாண்டிவிட்டது. பழைய கதைகளைப் பேசிக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருவர், "நம்ம டாக்டரய்யா மாதிரி ஒரு மனுசன் இனிப் பொறக்கப் போறதில்ல" என்றார். மற்றவர்களும் தலையாட்டினீர்கள். நான் பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன். எனக்குச் சீனி வியாதி என்று நினைத்திருப்பீர்கள். அதெல்லாம் இல்லை. எனக்கு வந்தது கோபம். அன்று கல்யாண வீடாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன். அதனால் இப்போது எழுதுகிறேன்.

அந்த ஆள் டாக்டர் இல்லை, தோட்டத்தில் மருந்து கலக்கிக் கொடுக்கும் டிஸ்பென்சர் என்பது உங்களுக்குத் தெரியும். நாமாகத்தான் அவரை டாக்டரய்யா ஆக்கினோம்.

எனக்குப் பத்து வயது இருக்கும். ஆடி, ஆவணி மாதங்கள். உடப்புசல்லாவைப் பக்கம் அந்தக் காலம் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே மழை ஊற்றும். நம் பக்கம் வெறும் காற்று. உதட்டையும் உள்ளங்காலையும் வெடிக்கவைக்கும் வறண்ட காற்று. வெயில் சூடாக இருக்காது, ஆனால் கண்ணைக் கூசவைக்கும். தேயிலை இலை ஒவ்வொன்றும் எண்ணெய் தடவியதுபோல மின்னும். அந்த மாதங்களில்தான் தேயிலைக்கு மணம் கூடுமாம். அதனால் கொழுந்தை விட்டுவைக்கக் கூடாது, ஓடு ஓடு என்று விரட்டுவார்கள். அம்மாவுக்கு அந்த நோவு அதிகமாக வந்ததும் அந்த மாதங்களில்தான்.

நோவு வரப்போவது அம்மாவுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். காலையில் நன்றாகத் தூங்கி எழுந்தவள் கொட்டாவி விடத் தொடங்குவாள். ஒன்றன்பின் ஒன்றாக, கண்ணில் நீர் வழியும் கொட்டாவி. பிறகு கருப்பட்டித் துண்டு கேட்பாள். மற்ற நாட்களில் இனிப்பைத் தொடாதவள். பின்கழுத்தைப் பிசைந்துகொண்டே அடுப்பு வேலை செய்வாள். இதெல்லாம் நடந்தால் பத்துமணிக்குள் மலையில் அவளுக்குக் கண் கெட்டுவிடும்.

"ஒன் மூஞ்சி பாதிதான்டி தெரியுது" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். நான் அவளுக்கு எதிரில்தான் நின்றேன். இடது பக்கம் ஒன்றுமில்லையாம். அந்த இடத்தில் தகரக்கூரையின் ஓரம்போல நெளிநெளியாக ஒரு வெளிச்சம், துடித்துக்கொண்டே பெரிதாகிக்கொண்டு வருமாம். பிறகு விரல் நுனிகள் மரத்துப்போகும். சில சமயம் பேச்சும் குழறும். தண்ணீர் கேட்க நினைத்து வேறு எதையோ கேட்பாள். அரைமணி நேரத்தில் அந்த வெளிச்சம் போய்விடும். அது போனதும் வலி வரும். வலப்பக்கம் மட்டும். கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணி வைத்து அடிக்கிறார்கள் என்பாள். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் வாந்தி எடுப்பாள். மறுநாள் துவைத்துப் பிழிந்த துணிபோல உட்கார்ந்திருப்பாள்.

லயத்து வரிசை வீடுகளில் எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவுக்கு ஜன்னல் கிடையாது. எனவே இருட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு பக்கம் புகை, மறுபக்கம் பலகைத் தடுப்புக்கு அப்பால் ஐந்து பிள்ளைகள். ஒரு தலைவலிக்காரி எங்கே போய்ப் படுப்பாள்? அப்பா கெட்டவர் இல்லை. கோவிலில் கயிறு வாங்கிக் கட்டினார். டவுனில் முஸ்லிம் நானாவின் கடையில் தைலம் வாங்கி வந்தார். "இது ஒத்தத் தலவலி. எங்க உம்மாக்கும் இரிந்திச்சி. தைலம் கேக்காது, சத்தமில்லாம படுக்க விடுங்க" என்று கடைக்காரர் சொன்னாராம். படித்த டிஸ்பென்சர் சொல்லாததை உப்பும் புளியும் விற்ற மனிதர் சொன்னார். அப்பா அதைச் சிரித்துக்கொண்டே எங்களுக்குச் சொன்னார். வேலை நாளில் படுப்பதாவது!

நானும் எரிச்சல்பட்டேன், மறைக்கவில்லை. அம்மா படுத்தால் தம்பியைத் தூக்குவதும் தண்ணீர் பிடிப்பதும் என் தலையில் விழும். பள்ளிக்கூடம் போக முடியாது. அவள் வேண்டுமென்றே செய்கிறாள் என்றுகூட ஓரிரு தடவை நினைத்திருக்கிறேன்.

ஒருநாள் மலையிலிருந்து பாதியில் இறங்கி வந்தவளை நான் கையைப் பிடித்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனேன். நீண்ட வரிசை. டாக்டரய்யா வெள்ளைக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். அம்மாவைக் கையால் தொடவில்லை. பென்சிலின் பின்பக்கத்தால் அவள் தாடையை நிமிர்த்தினார்.

"என்ன?"

"தல வலிக்குதுங்க. ஒரு பக்கமா. அதுக்கு முன்ன கண்ணு பாதி தெரியலைங்க."

"பாதி தெரியலையா? மிச்சப் பாதியில கொழுந்து தெரியுதில்ல?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா அந்தச் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டாள். அவர் அதையும் நடிப்பு என்று எடுத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் குனிந்தார். குரலில் தேன் வடிந்தது.

"நீ பள்ளிக்கூடம் போற புள்ளதானே? பொய் சொல்லக்கூடாது. அம்மாவுக்கு இது ஞாயித்துக்கிழமையில வருமா?"

நான் யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா வலி என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை.

"வராதுங்க" என்றேன்.

"பாத்தியா!" என்று வரிசையைப் பார்த்துச் சொன்னார். துண்டுச்சீட்டில் ஏதோ எழுதிக் கொடுத்தார். குடிக்கப் பேதி உப்பும் கொடுத்தார். வேலைக்குத் தகுதியானவள் என்று அந்தச் சீட்டில் எழுதியிருந்ததை, வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை வாசித்துத்தான் தெரிந்துகொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு வந்திருக்கிறது. பல தடவை வந்திருக்கிறது. அன்று அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள், சின்னம்மா வந்து சோறு பொங்கிவிட்டுப் போவாள். படுக்க முடிந்ததால் அவள் யாரிடமும் முறையிடவில்லை. வாரமெல்லாம் உழைத்தவள் ஓய்வெடுக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்கவேண்டிய கேள்வியா அது? பக்கத்தில் நின்ற பெண்ணிடமே கேட்டிருக்கலாமே!

அடுத்த தடவை கொட்டாவி வந்த அன்று, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்திலேயே அம்மா கணக்கப்பிள்ளையிடம் சொன்னாள். "டாக்டரய்யா எழுதிட்டாரும்மா, நான் என்ன பண்ண?" என்றார் அவர். அன்று அவளுக்குக் கொழுந்து பறிக்கக் கொடுத்த நிரை செங்குத்தான மலையில். பத்துமணிக்கு அவளுக்கு இடப்பக்கம் மறைந்துவிட்டது. இடப்பக்கம்தான் மழைத்தண்ணீர் வடியும் கான் ஓடியது. கால் வைத்த இடத்தில் தரை இல்லை. கூடையோடு உருண்டு கீழ்ப்பாறையில் வலதுகையை ஊன்றி விழுந்தாள்.

இரண்டு பெண்கள் கைகளைக் கோத்து நாற்காலிபோலச் செய்து அவளைத் தூக்கி வந்தார்கள். நான் பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்தேன். மணிக்கட்டு பக்கவாட்டில் திரும்பியிருந்தது. டாக்டரய்யாதான் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை. கை கோணலாகவே கூடியது. இரண்டு விரல்கள் பிறகு மடங்கவே இல்லை. கொழுந்து கிள்ளுகிறவளுக்கு விரல் போனால் என்ன மிச்சம்? கட்டோடேயே அவளைப் புல் பிடுங்க அனுப்பினார்கள்.

அந்தக் கட்டை அவிழ்ப்பதற்குள் இன்னொன்று நடந்தது. சின்னம்மா பங்களாவில் ஆயம்மாவாக இருந்தாள், தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். பழைய கம்பளிச்சட்டை ஒன்று தருகிறேன் வா என்று ஒரு சனிக்கிழமை என்னைக் கூட்டிப் போனாள். பின்பக்கம் சமையலறைப் படியில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் வராந்தா தெரியும். துரையின் மனைவி, துரைசாணி, பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டாள். மறுபடி விட்டாள். கழுத்தைப் பிசைந்தாள். தட்டிலிருந்த இனிப்பை ஒன்றுவிடாமல் தின்றாள். பிறகு கோப்பையை எடுக்கக் கை நீட்டினாள். கை கோப்பைக்குப் பக்கத்தில் வெறும் காற்றைப் பிடித்தது.

"சின்னம்மா, தொரைசாணிக்கு இப்ப தல வலிக்கப்போகுது" என்றேன்.

"ஒனக்கு எப்புடிடி தெரியும்?"

"அம்மாவுக்கு இப்புடித்தான் வரும்."

சின்னம்மா என்னையே பார்த்தாள். இரண்டு பேரின் நோவையும் பல வருஷமாகப் பார்த்தவள் அவள். பங்களாவில் வரும் நோவும் லயத்தில் வரும் நோவும் ஒன்றாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தோன்றவே இல்லை.

அரைமணியில் எல்லாம் தொடங்கியது. அறைக்குத் திரை இழுத்தார்கள். நாயைத் தொழுவத்துக்குக் கொண்டுபோனார்கள். புல்வெட்டுகிறவனை நிறுத்தச் சொன்னார்கள். அப்பு என்று நாங்கள் அழைக்கும் சமையல்காரர் வெங்காயம் தாளிக்காமல் அடுப்பை அணைத்தார். அந்த நெட்டை மனிதர் சுவர்க் கடிகாரத்தின் ஆட்டத்தையும் கையால் பிடித்து நிறுத்தியதைப் பார்த்தேன். பிறகு டாக்டரய்யா வந்தார். சப்பாத்தைப் படியிலேயே கழற்றிவிட்டு, காலுறையோடு பூனைபோல நடந்து போனார். அவருக்கு மெதுவாகப் பேசவும் தெரியும் என்று அன்றுதான் கண்டேன்.

அவர் திரும்பிப் போகும்போது சின்னம்மா பின்கட்டில் மறித்தாள்.

"ஐயா, எங்க அக்காவுக்கும் இதேதானுங்க. இதே கொட்டாவி, இதே கண்ணு மறைக்கிறது..."

"தொரைசாணிக்கு வர்றது வேற, ஒங்க அக்காவுக்கு வர்றது வேற. ரெண்டையும் ஒண்ணா பேசாத. யாராவது கேட்டா ஒனக்குத்தான் வம்பு."

சப்பாத்தின் நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சின்னம்மா அதோடு விடவில்லை. இரண்டு நாள் கழித்துத் துரைசாணி எழுந்து உட்கார்ந்ததும் அவளிடமே சொல்லிவிட்டாள். துரைசாணிக்குக் கொஞ்சம் தமிழ் வரும். "உன் அக்கா? கண் மேலே வெளிச்சம்? கோணல் கோணல்?" என்று விரலால் காற்றில் கீறிக் காட்டினாளாம். சின்னம்மா ஆமாம் என்றாளாம். பிறகு நுவரெலியாவிலிருந்து வரவழைக்கும் தன் மாத்திரையில் நாலை எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். கொட்டாவி வந்தவுடனே ஒன்று போடவேண்டும், வலி ஏறியபிறகு போட்டால் பயனில்லை என்று சொல்லி அனுப்பினாள்.

அடுத்த கொட்டாவிக்கு அம்மா ஒன்றைப் போட்டாள். கண் மறைத்தது, வெளிச்சம் நெளிந்தது. ஆனால் வலி வந்தபோது பாதி வலியாக வந்தது. அன்று மாலை அவள் வாசற்படியில் உட்கார்ந்து இடதுகையால் எனக்குத் தலை வாரிவிட்டாள். "இப்புடி ஒரு மாத்திர ஒலகத்துல இருக்குதுடி!" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சந்தோஷமாகச் சொல்லவில்லை. ஏமாற்றப்பட்டவள் சொல்வதுபோலச் சொன்னாள்.

மறுநாள் பெரட்டில் மற்றப் பெண்களிடமும் சொல்லிவிட்டாள். மறைக்க என்ன இருக்கிறது? அது டாக்டரய்யாவின் காதுக்குப் போனது. அவர் நேரே பங்களாவுக்கு ஏறினார். துரைசாணியின் மருந்துப் போத்தலில் மாத்திரை குறைகிறது, ஆயம்மாவின் அக்கா தின்கிறாள் என்றார். துரை விசாரிக்காமலே சின்னம்மாவைத் திருடி என்று வேலையை விட்டு நிறுத்தினார். சின்னம்மா தன் தகரப்பெட்டியோடு வெளியே வந்தாள். துரைசாணியிடம் ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. ஆனால் முதல்நாள் மாலைதான் துரைசாணிக்குத் தலைவலி தொடங்கியிருந்தது. திரை இழுத்த அறைக் கதவை யாரும் தட்டக்கூடாது.

சின்னம்மா எங்கள் காம்பிராவில் வந்து விழுந்து அழுதாள். அம்மா அழவில்லை. முகத்தைக் கழுவிச் சேலையை மாற்றிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு பங்களாவுக்கு நடந்தாள். பின்கட்டில் விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அப்பு வந்து போகச் சொன்னார். போகவில்லை. கடைசியில் துரையே வந்தார்.

"என்ன இது? வேலைக்குப் போ."

"தொரைசாணியம்மா எந்திரிக்கட்டும் தொரை. எந்திரிச்சதும் ஒரு வார்த்த கேளுங்க. மாத்திர அவங்க குடுத்தது."

"டாக்டர் சொல்றார், மூணு நாள் படுக்கணும்."

"மூணு நாள் ஆகாதுங்க" என்றாள் அம்மா. "நேத்து அந்தியில ஆரம்பிச்சதுன்னா, இந்நேரத்துக்கு ரெண்டு தடவ வாந்தி எடுத்திருப்பாங்க. தல மயிரத் தொட்டாலே வலிக்கும், சீப்பு வைக்க விட்டிருக்க மாட்டாங்க. இனிமே ஒரு தூக்கம் தூங்குவாங்க. பொழுது சாயிறப்ப பசிக்குதும்பாங்க. அப்பக் கேளுங்க."

துரையின் முகம் மாறியது. மூடிய அறைக்குள் நடந்ததை வெளியில் உட்கார்ந்திருந்த ஒரு கூலிக்காரி சொன்னால் அவர் என்ன செய்வார்? திரும்பி உள்ளே போனார்.

பொழுது சாயும்போது துரைசாணி எழுந்து ரொட்டி கேட்டாள். அப்பு ஓடி வந்து சொன்னார். கொஞ்ச நேரத்தில் அவளே ஒரு கையால் கண்ணை மறைத்தபடி பின்வாசல்வரை வந்தாள். "நான் குடுத்தது. நான்தான்" என்றாள். அம்மாவும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துரைசாணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். துரை தோளைத் தொட்டு உள்ளே கூட்டிப் போய்விட்டார்.

சின்னம்மா திருடி இல்லை என்றாகிவிட்டது. ஆனால் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. துரை சொன்ன சொல்லை லயத்து ஆளுக்காக மாற்றினால் நாளைக்கு யாரும் மதிக்கமாட்டார்களாம், அப்பு வந்து சொன்னார். சின்னம்மா கூடையைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். பொய்ப் பழி சுமத்தியவரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் துரைசாணி தன் ஊருக்கே போய்விட்டாள். நல்லவள் என்று சின்னம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சொல்லமாட்டேன். நல்லவள் என்றால் அன்று உள்ளே போயிருக்கக் கூடாது.

மீதியிருந்த மூன்று மாத்திரைகள் எத்தனை நாளைக்கு? அதன்பிறகு அம்மா தன் நோவை யாரிடமும் சொல்லவில்லை. தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு புல் பிடுங்கினாள்.

பத்து வருஷம் ஓடியது. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகிவிட்டேன். ஒருநாள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, நான் எழுதிய சொல்லில் முதல் இரண்டு எழுத்துகளைக் காணவில்லை. அழிந்துவிட்டன என்று நினைத்து மறுபடி எழுதினேன். அவற்றையும் காணவில்லை. அந்த இடத்தில் நெளிநெளியாக ஒரு வெளிச்சம். சாக்கட்டி கையிலிருந்து விழுந்தது. இதுதான், அம்மா சொன்ன இதுதான் என்று புரிந்தபோது வலிக்கு முன்பே எனக்கு அழுகை வந்துவிட்டது.

டவுனில் ஒரு டாக்டரம்மா இருந்தார். சிங்களவர், தமிழ் நிறுத்தி நிறுத்திப் பேசுவார். அம்மாவும் கூட வந்தாள். கொட்டாவி வருமா, கண்ணில் என்ன தெரியும், எந்தப் பக்கம் வலிக்கும் என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்க, நான் வாய் திறப்பதற்குள் அம்மா பதில் சொன்னாள். நாலாவது கேள்வியில் டாக்டரம்மா நாற்காலியை அம்மா பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அந்தக் கோணல் கையையும் எடுத்துப் பார்த்தார். "இது மைக்ரேன். தாய்க்கு இருந்தா பிள்ளைக்கும் வரலாம். இது பொய் இல்ல, நடிப்பு இல்ல, உண்மையான நோய்" என்றார். நாங்கள் நடிப்பு என்ற சொல்லையே அங்கே எடுக்கவில்லை. எத்தனை பெண்கள் அவர் முன்னால் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும்!

பஸ்ஸில் திரும்பி வந்து தோட்டத்து வளைவில் இறங்கியதும் அம்மா லயத்துக்குப் போகாமல் டிஸ்பென்சரிப் பக்கம் திரும்பினாள். டாக்டரய்யாவுக்கு நரைத்துவிட்டது. ஆனால் அதே மேசை, அதே கோட்டு. வரிசை இல்லை.

"ஐயா, எனக்கு வர்றது மைக்ரேன்ங்களாம். டவுன்ல டாக்டரம்மா சொன்னாங்க."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியும்" என்றார்.

"என்னங்க?"

"நீ மொத நாள் வந்து சொன்னப்பவே தெரியும். புஸ்தகத்துல அப்புடியே இருக்கு."

"அப்ப ஏன் வேலைக்குப் போகலாம்னு எழுதினீங்க?" என்று கத்தினேன்.

"கத்தாத டீச்சர். ஒங்கம்மாவுக்கு லீவு எழுதினா மறுநாள் நாப்பது பொம்பளைங்க தலையப் புடிச்சிக்கிட்டு நிப்பாங்க. கொழுந்து ஓடுற மாசம். தொரை என்னத்தான் கேப்பாரு. எனக்கும் புள்ளகுட்டி இருந்துச்சு."

அம்மா தன் வலதுகையை அவர் மேசைமேல் வைத்தாள். மடங்காத இரண்டு விரல்களும் அவரைப் பார்த்து நீண்டிருந்தன.

"என் நோவுக்குப் பேரு இருக்குதுங்க. தெரிஞ்சிக்கிட்டே என் புள்ள வாயாலயே என்னை வேலைக்கள்ளின்னு சொல்ல வச்சீங்களே, அதுக்கு என்னங்க பேரு?"

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அம்மா கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

இரண்டு வருஷம் கழித்து அவர் இறந்தபோது தோட்டமே திரண்டு போனது. நீங்களும் போயிருப்பீர்கள். லயத்தில் ஒவ்வொரு காம்பிராவாகப் பூட்டினார்கள். அம்மா மட்டும் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போகிறவர்கள் எல்லாம் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உறுத்தியது.

"யாராவது கேட்டா ஒனக்குத் தலவலின்னு சொல்லிரட்டுமாம்மா?" என்றேன்.

"எனக்கு இன்னிக்குத் தலவலி இல்லியே" என்றாள். "போக மனசில்லன்னு சொல்லு."